வாடையும் சீறியாழும்

மழை மூடிய நாளின் சோர்வை இன்னிசை நீக்கும் என்பர். இக்கருத்தினை நக்கீரரின் நெடுநல்வாடை கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

188 அடிகளையுடைய அப்பாட்டில், கூதிர்க் குளிரால் சீறியாழின் நரம்புகள் தம் இனிய ஒலி திரிந்து நிற்கின்றன. பாட்டோடு யாழை இயைக்க விரும்பிய ஆடன்மகளிர், அந்நரம்புகளைத் தம் மார்பின் வெம்மையால் தடவிப் பண்ணிற்கேற்ப அமைக்கின்றனர். துயர் ஆற்றும் கருவிக்கே முதற்கண் மனித வெம்மை வேண்டப்படுதல் நோக்கத்தக்கது.

இதனை அடுத்தே, காதலரைப் பிரிந்தோர் வருந்துதலைப் புலவர் கூறுகின்றார். அரண்மனையில் செவிலியர் பலவாறு தேற்றியும் அரசி தேறாது கண்ணீர் உகுக்கின்றாள். மழை இருசாரார்க்கும் ஒன்றே, நிலையே வேறு.

எனவே, இசை தானே இருள் நீக்கும் மருந்தன்று. கூடியிருப்பார்தம் வெம்மையிற் பிறந்தே அது பிறரைத் தேற்றும் என்பதே புலவர் கருத்தென யாம் கொள்கின்றோம்.