உங்களுக்குத் தெரியுமா? சுவருக்கு வரி, புத்தகத்துக்கு வரி... கூரைக்கு?

வால்டாக்ஸ் ரோட்டில் எத்தனை தடவை போயிருப்பீர்கள்! சென்ட்ரலை ஒட்டி வடக்கே ஓடுகிறதே, அதே ரோடுதான். பெயரிலேயே வரி இருக்கிறது. ஆனால் அந்த வரி வசூலாகவே இல்லை!

ஹைதர் அலியின் குதிரைப்படை 1767-லும் 1769-லும் சென்னையின் வாசல்வரை வந்துவிட்டுப் போனது. கும்பெனிக்குக் குலை நடுங்கியது. இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். இந்த வரி சட்டப்படி செல்லுமா என்று கேள்வி கிளம்பியது. வரி அம்பேல்! பெயர் மட்டும் 250 வருஷமாக நிற்கிறது!

மதிலைக் கட்டிய காண்டிராக்டர் யார் தெரியுமா? பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாபுக்கே வட்டிக்குப் பணம் கொடுத்த ஆசாமி! அவரைக் கிழித்துத் தொங்கவிட்டு 1785-ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமென்ட்டில் பேசிய பேச்சு புத்தகமாகவே வந்துவிட்டது!

மதிலில் ஒரு துண்டு இன்றும் மிச்சம். ராயபுரத்துக்குப் பக்கம், இப்ராஹிம் சாகிப் தெருவில். அதன் தலைமேல் என்ன இருக்கிறது? பூங்கா! மாடிப் பூங்கா என்று கேட்டால் அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார்!

சென்னை மாநகராட்சி பிறந்ததே வரிக்காகத்தான், தெரியுமா? அதற்கு முன்பே வீட்டு வரி என்று கவர்னர்கள் வாயைத் திறந்தாலே ஊர் கொந்தளித்தது. லண்டனில் இருந்த கும்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு ஒரு தந்திரம் செய்தார். நாம் போட்டால் ஆறு பென்ஸ்கூடத் தரமாட்டார்கள், அவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங் தருவார்கள் என்று கணக்குப் போட்டார். அதாவது பத்து மடங்கு! 1688 செப்டம்பர் 29-ல் மாநகராட்சி தயார்!

இப்போது மதிலுக்கு வெளியே வாருங்கள். அங்கேதான் நான் கண்டுபிடித்ததிலேயே பெரிய புதையல் இருக்கிறது!

1782. போரும் பஞ்சமும். சோறு தேடி ஜனங்கள் பட்டணத்துக்கு ஓடி வருகிறார்கள். வடக்கு மதிலுக்கு அந்தப்புறம் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு இடம் முளைத்தது. மணியக்காரர் சத்திரம்! வெள்ளைக்காரன் வாயில் அது ‘மோனேகர் சவுல்ட்ரி’ ஆனது. 1799-ல் அங்கேயே ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஓர் ஆஸ்பத்திரி போட்டார். அந்த ஆஸ்பத்திரிதான் வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி! ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று உங்கள் ஆயா சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதுவேதான்!

சத்திரம் என்ன ஆனது? மூடிவிட்டார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! ஆதரவற்ற முதியவர்களின் இல்லமாக இன்னும் நடக்கிறது. 240 வருஷத்துக்கு மேல்! வரி போட்டுக் கட்ட நினைத்த மதில் பெரும்பாலும் இடிந்துபோனது, நன்கொடையில் பிழைத்த சத்திரம் நிற்கிறது!

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்த ராஜா சர் சவலை ராமசாமி முதலியார்தான் சென்ட்ரல் எதிரே சத்திரமும் கட்டியவர். பிறக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம். இரண்டுக்கும் ஒரே ஆள்!

வாடகை வாங்காத சத்திரத்துக்குச் சொத்து வரி கிடையாது என்று 1919-ஆம் வருஷத்து சென்னை மாநகராட்சிச் சட்டமே எழுதி வைத்திருந்தது! வீடில்லாதவருக்கு இடம் கொடுத்தால் வரி மாஃப்! சரி, அந்த இடத்தை வரிப்பணத்திலேயே கட்டினால்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை!

உங்கள் வீட்டுச் சொத்து வரியில் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு ரூபாய் வரிக்கும் 10 பைசா நூலக வரி! 1948-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டத்தைப் போட்டது நம் சென்னை மாகாணம்தான். திருவொற்றியூரில் வீடு வைத்திருப்பவர் படிக்கிறாரோ இல்லையோ, லைப்ரரிக்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்! வீடற்றோருக்கென்று எத்தனை பைசா? பூஜ்யம்!

அப்படியெல்லாம் தனி வரி போட முடியுமா என்கிறீர்களா? ராத்திரி சென்ட்ரலில் மெயிலைப் பிடியுங்கள், விடிந்தால் பெங்களூரு. அங்கே ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்! கர்நாடகத்தின் 1975-ஆம் வருஷத்துப் பிச்சை தடுப்புச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து 3 சதவீதம் ‘பிச்சைக்காரர் செஸ்’! வில்லா வைத்திருப்பவரும் கட்டுகிறார், ஒற்றை ரூம் வைத்திருப்பவரும் கட்டுகிறார்!

அந்தப் பணத்தில்தான் மாகடி ரோட்டில் நிராதரவாளர் மையம் நடக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானியுங்கள். அது வீடு தரும் திட்டம் இல்லை, பிடித்துக்கொண்டுபோய் வைக்கும் திட்டம்! வசூலான செஸ்ஸில் மாநகராட்சி கொடுக்காமல் வைத்த பாக்கி மட்டும் கோடி கோடியாய் ஏறியது. 2010 ஆகஸ்டில் அந்த மையத்தில் அடுத்தடுத்து பல பேர் செத்துப்போய் நாடே அதிர்ந்தது. வரி போடுவது சுலபம், அதற்குக் கணக்குக் கேட்க ஆள் வேண்டுமே!

மறுபடியும் நம்ம ஊர். 2022 பிப்ரவரி 19. பத்து வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு மாநகராட்சித் தேர்தல். வடசென்னைக்காரர் பிரியா மேயர் ஆனார், வயது 28! ஓட்டுப் போட்ட மையின் அடையாளம் சிலருக்கு நகத்தில் இருந்திருக்கும். ஏப்ரல் 1-ஆம் தேதி சொத்து வரி உயர்வு அறிவிப்பு. இடையில் எத்தனை நாள்? வெறும் 41!

அதிலும் ஒரு கூத்து. 600 சதுர அடிக்குள் வீடு. ராயபுரத்தில் இருந்தால் 50 சதவீதம் உயர்வு. அதே அளவு வீடு திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருந்தால் 25 சதவீதம்தான்! காரணம், இந்த ஊர்கள் 2011-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அந்த ஒரே வருஷத்தில் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக ஊதியது!

600 சதுர அடி என்றதும் ஞாபகம் வருகிறது. இரவுக் காப்பகத்தில் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மத்திய அரசின் திட்டம் அளந்து சொன்னது. 50 சதுர அடி! உங்கள் சின்ன ஃபிளாட்டில் 12 பேர்!

50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த அதே திட்டம் வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய் வைத்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட இல்லை! ஹோட்டலில் ஒரு தோசைக்குக் காணாது!

லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும், 365 நாளும். இது 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கு. விரிந்த சென்னையின் 2011 மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல். அப்படியானால் 66 காப்பகம்!

மாநகராட்சிக் காப்பகங்களில் தங்க வாடகை இல்லை. அப்புறம் ஏன் ஜார்ஜ் டவுன் பிளாட்பாரத்தில் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள்? பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி பிள்ளை ஒரு பக்கம் என்றால் யார் போவார்கள்? என்னைக் கேட்டால் நானும் போகமாட்டேன்!

நாடு முழுக்க வீடற்றவர்களை எத்தனை நாளில் எண்ணினார்கள் தெரியுமா? ஒரே ராத்திரி! 2011 பிப்ரவரி 28. கிடைத்த எண்ணிக்கை 17.7 லட்சம். அன்றைக்கு ராத்திரி வேலைக்குப் போயிருந்தவர்? ஊருக்குப் போயிருந்தவர்? அட, விடுங்கள்!

ராயபுரம் ரயில் நிலையம்! 1856 ஜூலை 1-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். இன்னொரு அதிசயம், ரயில்வே போன்ற மத்திய அரசுச் சொத்துக்கு மாநகராட்சி வரி போட முடியாது! அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. சேவைக் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும். 2009-ல் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. எல்லா வசதியையும் அனுபவித்தால் வரியில் 75 சதவீதம், பாதி வசதிக்கு 50, ஒன்றுமே வாங்காவிட்டால் 33⅓! தண்டவாளம் பரந்து கிடக்கும் இந்தப் பக்கத்தில் எத்தனை ஏக்கர் வரிக்கு வெளியே நிற்கும், நீங்களே யோசியுங்கள்!

     

கடலும் வீட்டைப் பறிக்கும், தெரியுமா? 1870-களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றது. ராயபுரம் பக்கம் கரை அரித்து, தெருத் தெருவாய் வீடுகள் போயின! மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது ராயபுரத்து மீனவருக்கு ஒரு தாங்ஸ் சொல்லுங்கள்!

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளம் ஹவுசிங் போர்டு. 1993-ல் கட்டிய குடியிருப்பு. காலையில் விரிசலைப் பார்த்து மொத்த ஜனத்தையும் வெளியே இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் 24 வீடு தரைமட்டம். உயிர்ச்சேதம்? ஒன்றுகூட இல்லை! வீடு இருந்தவர் வீடற்றவராக ஒரு காலைப்பொழுது போதும்!

வெளிநாடு பார்ப்போமா? வியன்னாவில் 1923-ல் வீட்டு வரி போட்டார்கள். சின்ன வீட்டுக்குச் சில்லறை, மாளிகைக்கு மண்டையில் அடி. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எழுந்தவை சுமார் 60,000 மாநகராட்சி வீடுகள்! அதில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற ஒரே கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம்!

அமெரிக்காவில் சியாட்டில் மக்கள் 1981 முதல் ஓட்டுப்போட்டே சொத்து வரியில் மலிவு வீட்டுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள். 2023-ல் ஒதுக்கியது 97 கோடி டாலர்! எங்கள் வரியை ஏற்றுங்கள் என்று ஜனங்களே குத்தினார்கள், நம்ப முடிகிறதா?

லாஸ் ஏஞ்சலிஸ் 2016-ல் வீடற்றோர் வீட்டுக்காகவே 120 கோடி டாலர் கடன் பத்திரம் போட்டது. அடைப்பது சொத்து வரியில். ஆனால் 2022 தணிக்கையில், ஒரு திட்டத்தில் ஒரு வீட்டின் விலை எவ்வளவு வரை வந்தது தெரியுமா? 8,37,000 டாலர்! நம்ம கணக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல்! அந்தக் காசுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு தெருவையே வாங்கலாம் போல!

கனடாவின் வான்கூவர் வேறு ரூட்டில் போனது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி! 2017-ல் மதிப்பில் 1 சதவீதம், அப்புறம் 3 சதவீதம். வசூல் மலிவு வீட்டுக்கு!

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேல் பெரிய கட்டடம் கட்டுகிறவர் ‘ஷெல்டர்’ கட்டணம் கட்ட வேண்டும். ஏழைகளின் வீட்டு வசதிக்கான பணம் அது! புதிதாகக் கட்டுபவர் ஒரு தடவை கட்டினால் முடிந்தது. பழைய பங்களாக்காரருக்கு ஒரு பைசா செலவில்லை!

கடைசியாக, நானே வாய் பிளந்த ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் மாநகராட்சிக்கு ஓட்டுப்போட வரி கட்டியிருக்க வேண்டும். இன்றைக்கு? பிளாட்பாரவாசிக்கும் வாக்காளர் பட்டியலில் இடம் உண்டு. முகவரிச் சான்றே வேண்டாம்! படுக்கிற இடத்தை எழுதிக் கொடுத்தால் தேர்தல் அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து, இவர் இங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்! ஆக, சொத்து வரித் தீர்மானத்துக்குக் கை தூக்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சதுர அடிகூடச் சொந்தமில்லாதவருக்கும் உங்களுக்கும் சரிசமம். ஆளுக்கு ஒரே ஒரு ஓட்டு!