கண்ணைத் திறந்த பிறகு...



காலையில் பள்ளிக்கூட மணி அடித்ததும் வரிசையில் நின்று, கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறீர்கள். வீட்டில் பெரியவர்களோடு சேர்ந்து பூஜை, தொழுகை, ஜெபம் என்று அவரவர் வழக்கப்படி கடவுளை வணங்குகிறீர்கள். எல்லாம் சரி. கண்ணைத் திறந்த பிறகு என்ன செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டது ஒரு சிறுமி.

அப்போது நான் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். ஒருநாள் பிரார்த்தனை முடிந்து, பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்த நேரம். ஒரு மாணவன் மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றான். அந்த வாரத்தில் அவன் தாமதமாக வருவது மூன்றாவது முறை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

முன்வரிசையில் இருந்த சிறுமி மெல்லக் கேட்டாள், "சார், இப்பத்தானே கண்ணை மூடி சாமி கும்பிட்டீங்க... திறந்த உடனே திட்டுறீங்களே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தங்கைக்குத் தலைவாரி விட்டுவிட்டுத்தான் அவன் வருகிறான் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் எல்லாரும் கேட்கும்படி, "நேற்று நான் பேசியது தப்பு தம்பி" என்று சொன்னேன். "பரவாயில்லை சார்" என்று அவன் சிரித்தான். ஆனாலும், சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதே! அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பிரார்த்தனை பலித்ததா, இல்லையா என்பது கண்ணை மூடியிருக்கும்போது தெரியாது. திறந்த பிறகு எதிரில் நிற்பவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, அதில்தான் தெரியும். இதை வாழ்ந்து காட்டியவர் நமக்கெல்லாம் தெரிந்தவர்தான்: காந்திஜி.

எதிர்த்தவருக்கும் மரியாதை

காந்திஜியின் ஆசிரமங்களில் விடியற்காலையும் மாலையும் எல்லாரும் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். கீதை சுலோகங்கள், குர்ஆன் வரிகள், பார்சி மக்களின் வேத வரிகள், கிறிஸ்தவப் பாடல்கள் எல்லாம் அதில் இடம்பெறும். பக்கத்தில் இருப்பவரின் பிரார்த்தனையைப் பொறுமையோடு கேட்பதே ஒரு நல்ல பழக்கம் அல்லவா?

1947 ஏப்ரலில் காந்திஜி டில்லியில், வால்மீகி காலனியில் தங்கியிருந்தார். நாட்டின் பல பகுதிகளில் மதக்கலவரம் மூண்டிருந்த நேரம். மாலைப் பிரார்த்தனையில் குர்ஆன் வரிகளைச் சொல்லத் தொடங்கியதும் ஒருவர் எழுந்து, இங்கே இதைச் சொல்லக்கூடாது என்று எதிர்த்தார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அவர்மேல் கோபம். ஆனால், காந்திஜி அவரை அதட்டி அடக்கிவிட்டுப் பிரார்த்தனையைத் தொடர விரும்பவில்லை. அன்றைய பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் இதே எதிர்ப்பு வந்தது. அதற்காகக் குர்ஆன் வரிகளை விட்டுவிடவும் அவர் சம்மதிக்கவில்லை. எதிர்த்தவரை அவமதிக்கவும் இல்லை.

பார்த்தீர்களா? மரியாதையாக நடப்பது என்றால், மற்றவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது இல்லை. கொள்கையில் உறுதி வேண்டும். குரலில் பணிவு வேண்டும்.

திங்கட்கிழமை மவுனம்

காந்திஜிக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. திங்கட்கிழமைகளில் பேசமாட்டார். அவசியமானால் எழுதிக் காட்டுவார். 1947 ஜூன் 2ம் தேதி, வைஸ்ராய் மவுண்ட்பேட்டனை அவர் சந்திக்க வேண்டியிருந்தது. அன்று திங்கட்கிழமை! பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் எழுதியே பதில் சொன்னார். "பேச முடியாததற்கு வருந்துகிறேன்" என்ற பொருளில்தான் எழுதத் தொடங்கினார். மிக முக்கியமான விஷயங்களை உயர் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசவும், நோயாளிகளைக் கவனிக்கவும் மட்டும் மவுனத்திலிருந்து விலக்கு வைத்திருப்பதாகவும் அதில் எழுதினார். நோயில் கிடப்பவருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை, விரதத்தைவிடப் பெரிது என்று நினைத்திருக்கிறார் பாருங்கள்!

1948 ஜனவரி 20ம் தேதி டில்லி பிர்லா மாளிகையில் நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. காந்திஜி பதறவில்லை, கூட்டத்தை அமைதிப்படுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அதற்குக் காரணமான இளைஞனை யாரும் வெறுக்கக்கூடாது என்று மறுநாள் கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, ஜனவரி 30ம் தேதி. 5 மணிப் பிரார்த்தனைக்குக் கிளம்பச் சில நிமிடங்கள் தாமதமாகிவிட்டது. காத்திருப்பவர்களை நினைத்து அவர் வருந்தினார், வேகவேகமாக நடந்தார். கூடியிருந்தவர்களைக் கைகூப்பி வணங்கியபோதுதான் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவனின் தாமதத்துக்காக நான் கத்தினேன். அவரோ தம்முடைய தாமதத்துக்காக வருந்தினார். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுமியின் கேள்வி என் நினைவுக்கு வரும்.

ஐந்து நிமிடம் போதும்!

'அவர் மகாத்மா. நம்மால் முடியுமா?' என்று நினைக்காதீர்கள். தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

* முதுகை நிமிர்த்தி, சப்பணமிட்டு உட்காருங்கள். கண்ணை மெல்ல மூடுங்கள்.

* மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். பத்து வரை எண்ணுங்கள். மனம் கிரிக்கெட் மைதானத்துக்கு ஓடும். ஓடட்டும், திரும்பக் கூட்டி வந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

* அடுத்து, புத்த மதத்தில் உள்ள 'மைத்ரி' தியானம். 'நான் நலமாக இருக்க வேண்டும்' என்று நினையுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்தவர், அதிகம் பழக்கமில்லாத ஒருவர், கடைசியில் உங்களோடு சண்டை போட்டவர் என்று ஒவ்வொருவராக நினைத்து, 'அவரும் நலமாக இருக்க வேண்டும்' என்று வாழ்த்துங்கள். கடைசி ஆள்தான் கஷ்டம்! முதல் நாளே வராவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

* கண்ணைத் திறந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்; பேசாமல் இருக்கும் நண்பனிடம் நீங்களே முதலில் பேசுங்கள்; தெரு கூட்டும் அக்காவுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

நானும் தினமும் இப்படித்தான் உட்காருகிறேன். இந்த வயதிலும் சில நாள் கோபம் வரத்தான் செய்கிறது. வாயைத் திறக்கும் முன் ஒருமுறை மூச்சை விடப் பழகியிருக்கிறேன். அந்த ஒரு மூச்சு நேரத்தில் பல கடுஞ்சொற்கள் தொண்டையிலேயே நின்றுபோகின்றன.

நாளைக் காலை பிரார்த்தனை முடிந்து கண்ணைத் திறக்கும்போது, உங்கள் எதிரில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். உங்கள் பிரார்த்தனையின் அடுத்த வரி அவரிடம்தான் தொடங்குகிறது. சரிதானே, செல்லங்களே?