இருபத்தைந்து வயதில் மூட்டுவலியா?

'வயசானவங்களுக்குத்தானே மூட்டுவலி வரும்?' காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியில் உட்காரும் 25 வயதுப் பெண் இப்படித்தான் கேட்பாள். முடக்குவாதத்துக்கு வயசுக் கணக்கே இல்லை! தறி வேலையே நோயைக் கொண்டுவந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது.

காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணிக்கு மேல் விறைத்துக்கொண்டு, இரு கைகளும் வீங்கினால் உஷார்! வலி மாத்திரையிலேயே காலம் கடத்தினால் எலும்பு அரிபடும், விரல் கோணும்.

டாக்டர் மெதோட்ரெக்ஸேட் தந்தால் வாரம் ஒருநாள் மட்டுமே சாப்பிடணும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தை வேணும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடணும்.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. வைத்தியத்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் பலரால் வழக்கமான வேலையைத் தொடர முடியும். வீங்கின நாளில் மட்டும் தறிக்கு ஓய்வு கொடுங்கள்!