கடைக் கணக்கு ஒரே இடத்தில்: யூனிக்ஸ் சர்வரில் கோப்புகளைப் பகிர்வது எப்படி?

ஓரளவு வியாபாரம் உள்ள மளிகைக் கடைகளில் இன்று மூன்று கம்ப்யூட்டர்களாவது இருக்கின்றன. கல்லாவில் பில் போட ஒன்று, கணக்குப்பிள்ளை மேசையில் ஒன்று, கிடங்கில் சரக்கு வரவு பதிய ஒன்று. மூன்றிலும் மூன்று விலைப்பட்டியல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நம் வணிகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் துவரம் பருப்பு விலை ஏறியிருக்கும். கணக்குப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுவார். கல்லாவில் மாலை வரை பழைய விலைக்கே பில் போய்க்கொண்டிருக்கும். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் பையன் ஓடினாலும், எது புதிய பட்டியல், எது பழையது என்ற குழப்பம் தீராது.

பேரேடு ஒன்றுதான் இருக்க வேண்டும், எல்லோரும் அதைத்தான் பார்க்க வேண்டும். இதற்காக ஒரு கம்ப்யூட்டரைத் தனியே ஒதுக்கி, கோப்புகளை அதில் வைத்து, மற்றவற்றுக்குக் கேபிள் வழியே திறந்துவிடுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பதாலும், மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடுவதாலும், சற்றுப் பழைய கம்ப்யூட்டரிலும் வேலை செய்வதாலும் இந்த வேலைக்குப் பலர் அதையே போடுகிறார்கள். லினக்ஸ் போட்டால் வைரஸ் பயமே இல்லை என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

பகிர்வதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று என்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஏற்றது. மற்றொன்று சாம்பா. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பேசும் எஸ்.எம்.பி. என்ற முறையை யூனிக்ஸுக்குக் கற்றுக்கொடுப்பது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் மாணவராக இருந்தபோது தொடங்கி, 1992-ல் வெளியிட்டார். எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயர் இது; நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம், யாரை நம்புவது என்பதில் இருக்கிறது. சாம்பா ஆளைக் கேட்கும்: பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று. சாதாரணமாக அமைக்கப்படும் என்.எஃப்.எஸ். கம்ப்யூட்டரை நம்பும். இன்ன எண்ணுள்ள கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்றால் சரி. அந்தக் கம்ப்யூட்டர் "நான் இன்ன ஆள்" என்று சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். கடன் சரக்கு கேட்டு வருபவரை முகம் பார்த்துக் கொடுப்பதற்கும், கடைப் பெயர் போட்ட சீட்டைப் பார்த்து மட்டும் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கல்லாவில் விண்டோஸ் இருக்கும் கடைகளுக்குச் சாம்பாவே பொருத்தம்.

என்.எஃப்.எஸ். போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 'எக்ஸ்போர்ட்ஸ்' என்ற கோப்பில், எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன அனுமதி என்று ஒரே வரியில் எழுதுவார்கள். முதலில் கம்ப்யூட்டரின் எண், அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் அனுமதி. இரண்டுக்கும் நடுவில் தவறி ஓர் இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும்: எழுதும் அனுமதி, குறிப்பிட்ட கம்ப்யூட்டருக்குப் பதிலாக, சர்வரை எட்டக்கூடிய எல்லோருக்கும் போய்விடும். பில்லில் ஒரு புள்ளி இடம் மாறுவதைப் போல.

சாம்பாவுக்கு வருவோம். சர்வீஸ் ஆள் வருவதற்கு முன் முதலாளி செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதை அவர் தலையில் கட்டக் கூடாது. ஒரு தாளில் யார் யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் எழுதலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலைக் கல்லா பார்க்கலாம், மாற்றக் கூடாது. கிடங்கு ஆள் சரக்கு வரவை எழுதலாம், வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கு அவர் கண்ணில் பட வேண்டாம். கொள்முதல் விலை முதலாளிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும். இந்தத் தாள்தான் சர்வரில் கோப்புறைகளாகவும் குழுக்களாகவும் மாறும்.

சர்வருக்குள் இரண்டு கதவுகள் உண்டு. முதல் கதவு சாம்பாவின் அமைப்புக் கோப்பு. யாரை உள்ளே விடுவது என்பதை 'வேலிட் யூசர்ஸ்' என்ற வரியும், எழுதலாமா கூடாதா என்பதை 'ரீட் ஒன்லி' என்ற வரியும் சொல்லும். இரண்டாவது கதவு யூனிக்ஸின் சொந்த அனுமதி: உரியவர், குழு, மற்றவர் என்று மூன்று நிலை. இரண்டு கதவும் திறந்தால்தான் வேலை நடக்கும். புதிதாக அமைக்கும்போது "கோப்பு திறக்கவில்லை" என்ற புகார் வருவது பெரும்பாலும் இரண்டாவது கதவால்தான். அப்போது அவசரத்தில் சிலர் '777' என்று போட்டுவிட்டுப் போவார்கள். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்பது அதன் பொருள். உடனே எல்லாம் வேலை செய்யும், முதலாளியும் மகிழ்ந்து பணம் கொடுப்பார். நீங்கள் தாளில் எழுதியது அத்துடன் பாதி வீண். எங்காவது '777' போட்டிருக்கிறதா என்று வாய்விட்டே கேளுங்கள்.

'மேப் டு கெஸ்ட்' என்ற வரியையும் பார்க்கச் சொல்லுங்கள். பல லினக்ஸ் பதிப்புகளில் இது, தெரியாத பெயரில் வருபவரை விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளும்படி அமைந்தே வருகிறது. விருந்தாளிக்கு அனுமதித்த கோப்புறை ஏதும் இல்லாவிட்டால் கேடில்லை. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்பதும் முக்கியம். 'கடை' என்ற ஒரே பெயரில் எல்லோரும் நுழைந்தால், கோப்பை அழித்தது யார் என்று பிறகு பஞ்சாயத்து வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாம்பாவின் பாஸ்வேர்டு பட்டியல், யூனிக்ஸின் பட்டியலிலிருந்து வேறானது. வேலையை விட்டு நின்றவரின் பெயரை இரண்டிலும் முடக்க வேண்டும்.

பில்லிங் கோப்பு உடைவது ஏன்?

நம் வணிகர்கள் அதிகம் அவதிப்படுவது இதில்தான். ஒருவர் கோப்பைத் திறந்தால், வேகத்துக்காக அதன் நகலைத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள சர்வர் இடம் தருகிறது. இதற்கு 'ஆப்லாக்' என்று பெயர். இன்னொருவர் அதே கோப்பைக் கேட்டால், முதலாமவர் தன் மாற்றங்களைத் திருப்பித் தந்த பிறகே அவருக்குக் கிடைக்கும். கடிதம், கொட்டேஷன் போன்றவற்றுக்கு இது நல்லது. ஆனால் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதும் கணக்குத் தரவுக் கோப்பில், கேபிள் தளர்ந்திருந்தாலோ சுவிட்ச் பெட்டி மக்கர் செய்தாலோ திருப்பித் தர வேண்டியது வந்து சேராது, கோப்பு உடைந்துவிடும். சாம்பாவின் கையேடே இதை எச்சரிக்கிறது. தரவுக் கோப்புறைக்கு மட்டும் ஆப்லாக்கை நிறுத்திவைக்கலாம். சற்று வேகம் குறையும், குறையட்டும். உங்கள் மென்பொருளுக்கு எது சரி என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தரவைக் கையாளத் தனி சர்வர் புரோகிராம் உள்ள மென்பொருள் என்றால், தரவுக் கோப்புறையைப் பகிரவே தேவைப்படாது.

வைரஸ் பேச்சுக்கு வருவோம். 2017 மே மாதம் 'வானாகிரை' உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. விண்டோஸில் எஸ்.எம்.பி.-யின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியே அது பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அதே மே மாதம் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்து அடைக்கப்பட்டது. 2019-ல் வந்த சாம்பா 4.11 முதல், அந்த முதல் பதிப்பு தானாக இயங்காதபடி நிறுத்தப்பட்டுள்ளது. விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ள பழைய பில் மெஷினுக்காக அதை மீண்டும் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. ஒரு பழைய மெஷினுக்காகக் கடை முழுவதையும் திறந்து வைப்பது லாபமான வியாபாரம் அல்ல. அதே போல, வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க ஆசைப்பட்டு 445 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது, வி.பி.என். வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சர்வர் பத்திரமாக இருந்தாலும், கல்லா கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் கல்லாவுக்கு எழுத அனுமதியுள்ள கோப்புகளை அது பூட்டிவிடும். சர்வருக்கு அது கல்லாக்காரர் செய்வதாகவே தெரியும். அதனால்தான் அனுமதியைக் கையை இறுக்கிக் கொடுக்கச் சொல்கிறோம். நகல் எடுப்பதும் இதனால்தான். நகல் வைக்கும் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். எடுத்தவுடன் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்பது அங்கே எடுபடாது. சர்வருக்கு யு.பி.எஸ். இல்லாமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் சர்வீஸ் ஆளை 'டெஸ்ட்பார்ம்' என்ற கட்டளையைக் கொடுத்து, அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை இல்லை என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே கல்லாவில் உட்கார்ந்து, கல்லாக்காரர் பெயரில் நுழைந்து, கணக்குக் கோப்புறையில் சோதனைக்காகப் போட்டு வைத்த ஒரு கோப்பை அழித்துப் பாருங்கள். அனுமதி இல்லை என்று வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும்.