பைட்டுச் சரமும் பைட்டு அணியும்: பெரம்பலூர், அரியலூர் பெயர்களை முன்வைத்து

முன்னுரை

1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் உருவான அரியலூர் மாவட்டம் 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் தனி மாவட்டமானது. ஆகவே, கங்கைகொண்ட சோழபுரம் போன்ற ஊர்களைக் குறிக்கும் பழைய தரவுகளில் மாவட்டப் பெயரைத் திருத்த வேண்டியுள்ளது. இத்திருத்தம் பைட்டு நிலையில் நிகழும் முறையை இக்கட்டுரை விளக்குகின்றது.

எழுத்தும் பைட்டும்

ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். 'அ' என்பது 224, 174, 133 என அமையும். 'லூ' போன்ற உயிர்மெய்யில் மெய்க்குறியீடும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும், புள்ளியும் அவ்வாறே. எனவே, 'அரியலூர்' ஐந்து எழுத்துகள், எட்டுக் குறியீடுகள், 24 பைட்டுகள். 'பெரம்பலூர்' ஆறு எழுத்துகள், பத்துக் குறியீடுகள், 30 பைட்டுகள்.

சரமும் அணியும்

பைத்தான் மொழியில் பைட்டுச் சரம் மாற்றவியலாதது. பைட்டு அணி மாற்றத்தக்கது. இரண்டிலும் உறுப்புகள் 0 முதல் 255 வரையிலான எண்களே. சரத்தை அணியாக்கும்போது அதே பைட்டுகள் புதிய நினைவிடத்தில் படியெடுக்கப்படுகின்றன, மூலச்சரம் சிதைவதில்லை. திருத்தம் முடிந்தபின் அணியை மீண்டும் சரமாக்கலாம். இம்மாற்றத்தால் பைட்டுகளின் மதிப்பு மாறுவதில்லை. பைட்டுகளை எழுத்தாகப் படிப்பதற்குக் குறிவிலக்கம் என்னும் வேறொரு செயல் தேவை.

திருத்தத்தில் நேரும் பிழை

'பெரம்பலூர்' என்னும் அணியின் முதல் 24 பைட்டுகளில் மட்டும் 'அரியலூர்' என்பதை எழுதினால், எஞ்சிய ஆறு பைட்டுகள் 'ர்' என நின்று, 'அரியலூர்ர்' என்னும் பிழைவடிவம் தோன்றும். கணினி இதனைப் பிழையென அறிவிக்காது. பைட்டு வரிசை முறையாகவே உள்ளது. முழு 30 பைட்டுகளையும் நீக்கி 24 பைட்டுகளை இட்டால் அணி தானே சுருங்கும்; பெயரும் செம்மையாகும். மாறாக, அணியை 25ஆம் பைட்டில் துண்டித்தால் ஒரு குறியீடு அரைகுறையாகிக் குறிவிலக்கமே தடைப்படும்.

முடிவுரை

அறிவிக்கப்படும் பிழையைக் காட்டிலும் அறிவிக்கப்படாத பிழையே ஆய்வுக்குக் கேடு. பிழைவடிவம் பெற்ற பெயர் தேடலிலும் எண்ணிக்கையிலும் தனி ஊராகக் கொள்ளப்படும். எனவே, திருத்தத்தின் எல்லையை எழுத்தெண்ணிக்கையால் அன்றிப் பைட்டெண்ணிக்கையால் வரையறுத்து, சரமாக்கியபின் குறிவிலக்கி மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.