யார் காவல்? – 7
ஒரு பாலிசி, இரண்டு ஆணைகள்

2010 ஏப்ரல் 9 அன்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஓர் ஆணை வெளியிட்டது. 14 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தன்னிடம் பதிவு பெறாமல் இனி யூலிப் திட்டங்களில் பணம் திரட்டக் கூடாது என்றது அந்த ஆணை. மறுநாளே, காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ ஹைதராபாத்திலிருந்து எதிர் ஆணை போட்டது: அதைப் பொருட்படுத்த வேண்டாம், வழக்கம்போல் விற்கலாம். இரண்டு அமைப்புகளுமே நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தவை. முதலீட்டாளரைக் காப்பது ஒன்றின் கடமை. பாலிசிதாரரைக் காப்பது மற்றதன் கடமை. யூலிப் வாங்கியவர் முதலீட்டாளராகவும் இருந்தார், பாலிசிதாரராகவும் இருந்தார். அந்த வாரம் அவரைக் காக்க யாருமே இல்லை.

யூலிப்பில் நாம் கட்டும் பிரீமியத்தில் சிறு பகுதி ஆயுள் காப்பீட்டுக்குப் போகும். மீதி, கட்டணங்கள் கழிந்தபின், பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடாகும். மியூச்சுவல் ஃபண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் 2009 ஆகஸ்ட்டில், மியூச்சுவல் ஃபண்டில் முதலீட்டாளரிடம் முன்கூட்டியே பிடித்துவந்த நுழைவுக் கட்டணத்தை செபி ஒழித்துவிட்டது. அதிலிருந்துதான் விற்பவருக்குக் கமிஷன் போய்க்கொண்டிருந்தது. காப்பீட்டுச் சட்டமோ முதல் ஆண்டு பிரீமியத்தில் 35 விழுக்காடு வரை கமிஷன் தர இடம்கொடுத்திருந்தது. புதிய நிறுவனங்களுக்கு 40 வரை. விற்பவர் எதை எடுத்து நீட்டுவார்? “மூன்று வருஷம் கட்டினால் போதும்” என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். கட்டிய பணத்தில் எவ்வளவு கட்டணமாகக் கழிந்தது என்பது அவர்களில் பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆக, செபியின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கோபத்தைக் காட்டிய விதம் தவறு. நடப்பில் இருக்கும் பாலிசிகள் என்ன ஆகும் என்று ஊரெல்லாம் பதற்றம் கிளம்பியபின், தடை புதிய திட்டங்களுக்கு மட்டும்தான் என்று அது விளக்கம் தரவேண்டி வந்தது.

ஜூன் மாதம் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. யூலிப் ஐஆர்டிஏவுக்கே என்று அது தீர்த்துவைத்தது. இனி இப்படித் தகராறு வந்தால் தீர்க்க, நிதியமைச்சர் தலைமையில் கூட்டுக் குழுவும் அமைந்தது. தங்கள் சுதந்திரத்தில் கைவைப்பதாக ரிசர்வ் வங்கியிடமிருந்து எதிர்ப்பு வந்தது. எனக்கு வேறொரு குறை: எல்லையை வகுத்த அந்தச் சட்டம் கட்டணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கட்டணத்துக்குக் கடிவாளம் போட்டது, தகராறில் வென்ற ஐஆர்டிஏதான். அந்தச் செப்டம்பர் முதல் லாக்-இன் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டானது. கட்டணங்களால் ஆண்டு வருவாய் எவ்வளவு குறையலாம் என்பதற்கான வரம்பும் இறுகியது. செபி மோதியிராவிட்டால் இவை இவ்வளவு விரைவில் வந்திருக்காது என்பதே என் கணிப்பு. ஆனால் புது விதிகள் புதுப் பாலிசிகளுக்குத்தான். முன்பே ஏமாந்தவர்கள் பழைய கட்டணத்தோடு கிடந்தார்கள்.

ஒரே வேலையைச் செய்யும் முதலீடுகளுக்கு, யார் கண்காணித்தாலும், ஒரே மாதிரிக் கமிஷன் விதி வேண்டும் என்ற கோணத்தில், மத்திய அரசு அமைத்த சுமித் போஸ் குழு 2015இல் பரிந்துரை தந்தது. அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 2018இல் செபி மியூச்சுவல் ஃபண்டுகளில் முன்பணக் கமிஷனையே நிறுத்தியது. 2023இல் காப்பீட்டு ஆணையம் திட்டவாரியான கமிஷன் வரம்புகளை நீக்கி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தது. ஒருவர் கயிற்றை இறுக்க, மற்றவர் தளர்த்துகிறார். மியூச்சுவல் ஃபண்டையும் யூலிப்பையும் இன்று ஒரே வங்கிக் கிளையில், ஒரே மேசையில் விற்கிறார்கள். அந்த வங்கியைக் கண்காணிப்பது மூன்றாவது அமைப்பான ரிசர்வ் வங்கி. விற்றது தவறென்றால் புகாரை எந்தக் கதவில் தட்டுவது என்பதை, பணத்தை இழந்தவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

(தொடரும்)