நடுவும் புறமும்: இலண்டன் மகளிர் நாட்பள்ளி ஒன்றன் கல்வி வாழ்க்கை

கல்வி வரலாற்றை ஆராய்வோர் ஒரு பள்ளியின் பாடத்திட்டத்தை நுணுகிக் காண்பர். பாடவேளை முடிந்தபின் அங்கு நிகழ்வனவற்றைப் பெரும்பாலும் கருதாது விடுவர். இசை, ஓவியம், உடற்பயிற்சி, அறப்பணி ஆகியன கல்விக்குப் புறம்பானவை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயின், கல்வியில் எது நடு, எது புறம் என்னும் பகுப்பு எக்காலத்தும் ஒரே நிலையில் இருந்ததன்று. இங்கிலாந்தின் மகளிர் கல்வியில் அப்பகுப்பு ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறிற்று. வட இலண்டனில் 1850-ஆம் ஆண்டு தோன்றிய வட இலண்டன் மகளிர் கல்லூரிப் பள்ளியைச் சான்றாகக் கொண்டு அம்மாற்றத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இரு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். மாணவியர் காலையில் வந்து கற்று, அன்றே இல்லம் திரும்பும் பள்ளி நாட்பள்ளி. உண்டும் உறைந்தும் கற்கும் பள்ளி உறைவிடப் பள்ளி. மாணவியர் தரும் கட்டணத்தாலும் அறக்கொடையாலும், தனக்கென அமைந்த ஆட்சிக்குழுவின்கீழ் நடைபெறுவது தன்னாட்சிப் பள்ளி. இங்கிலாந்தில் ‘பொதுப்பள்ளி’ எனப் பெயர் பெற்ற பழைய ஆடவர் பள்ளிகளும் இவ்வகையினவே. பெயரை நோக்கி அவற்றை அரசினர் பள்ளிகள் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

1. முன்னைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் வீட்டு ஆசிரியையிடமோ சிறு தனியார் பள்ளிகளிலோ பயின்றனர். அவர்கள் பெற்ற கல்வியின் நடுவிடத்தைப் பியானோ இசை, ஆடல், ஓவியம், பிரெஞ்சு உரையாடல், பூவேலை ஆகியவை கொண்டிருந்தன. ‘அணிக்கலைகள்’ என இவற்றை நாம் குறிக்கலாம். விருந்தினர் முன்னிலையில் பெண்ணின் மதிப்பை உயர்த்தும் அணிகளாகவே அவை கருதப்பட்டன. அவற்றுட் பலவற்றிற்குத் தனிக் கட்டணமும் பெறப்பட்டது. கணக்கு ஒரு மூலையில் நின்றது. இலத்தீனும் வடிவியலும் ஆடவர்க்கே உரியன எனப்பட்டன.

1864 முதல் 1868 வரை இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்த தாண்டன் ஆணைக்குழு, மகளிர் பள்ளிகளில் அடிப்படை வலுவின்மையையும் முறையின்மையையும் மேற்பூச்சையும் கண்டது. அணிக்கலைகளுக்கு அளவிறந்த காலம் செலவிடப்படுதலையும் சுட்டிற்று. பெண்ணின் அறிவுக் குறைவெனப் பேசப்பட்டது உண்மையில் பள்ளியின் குறைவே என்பது இதனாற் புலனாயிற்று.

2. பள்ளியின் தோற்றம்

இப்பள்ளியை நிறுவியவர் பிரான்சிஸ் மேரி பஸ் அம்மையார் (1827–1894). இவர்தம் தந்தையார் ஓவியர். தாயார் சிறுவர் பள்ளி நடத்தியவர். 1848-இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற குவீன்ஸ் கல்லூரியின் மாலை விரிவுரைகளை, பகலில் ஆசிரியப் பணி ஆற்றிக்கொண்டே அம்மையார் கேட்டுப் பயின்றார். 1850-ஆம் ஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள் கேம்டன் தெருவில் பள்ளி திறக்கப்பட்டது. முதல் நாளில் 35 மாணவியர் சேர்ந்தனர். ஆண்டின் இறுதிக்குள் அத்தொகை நூற்றைக் கடந்தது. தந்தையாரும் உடன்பிறந்தாரும் ஆங்கு ஆசிரியர்களாயினர்.

இருபது ஆண்டுகட்குப் பின்னர் அம்மையார் செய்த செயல் குறிப்பிடத்தக்கது. தம் குடும்பத்தின் உடைமையாக விளங்கிய பள்ளியை அவர் அறங்காவலரிடம் ஒப்படைத்தார். உடைமையாளர் என்னும் நிலையை விடுத்துத் தலைமையாசிரியையாக மட்டும் அமைந்தார். ஒருவர் வாழ்நாளோடு முடிந்துவிடக்கூடிய தனியார் முயற்சி, காலங்கடந்து நிற்கும் அமைப்பாயிற்று. 1871-இல் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கும் கேம்டன் மகளிர் பள்ளி என்னும் இரண்டாம் பள்ளியையும் அம்மையார் தொடங்கினார்.

3. கணக்கும் தேர்வும்

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் நடத்திவந்த வட்டாரத் தேர்வுகள் ஆடவர்க்கே உரியனவாய் இருந்தன. எமிலி டேவிஸ் அம்மையாரின் முயற்சியால் 1863-ஆம் ஆண்டு திசம்பரில், சோதனை முறையில், மாணவியரும் அவற்றை எழுத இசைவு கிடைத்தது. எழுதிய 80-க்கு மேற்பட்ட மாணவியருள் 25 பேர் இப்பள்ளியினர். ஏனைய பாடங்களில் மாணவியர் நன்கு தேறினர். கணக்கிலோ மூத்த பிரிவினருள் பெரும்பாலோர் தவறினர்.

இத்தோல்வி மறைக்கப்படவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும். கணக்குக் கற்பிக்கும் முறை சீர்செய்யப்பட்டது. 1865-இல் மாணவியர்க்குத் தேர்வு முறைப்படி திறந்துவிடப்பட்டபோது நிலைமை பெரிதும் மாறியிருந்தது. 1875-இல் சோபி பிரையன்ட் அம்மையார் இப்பள்ளியிற் கணக்காசிரியையாக அமர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகம் 1878-இல் மகளிர்க்குப் பட்டம் வழங்க முன்வந்தது. அப்பல்கலைக்கழகத்தில் 1884-ஆம் ஆண்டு அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற இவரே 1895-இல் தலைமையாசிரியையும் ஆனார். மூலையில் நின்ற கணக்கு முப்பது ஆண்டுகளில் நடுவிடத்தைப் பெற்றது எனலாம்.

4. ஒரு நாளின் பகுப்பு

நடுவிடம் கணக்கிற்கும் மொழிகட்கும் அறிவியலுக்கும் உரியதானபோது, முன்னர் அங்கிருந்த இசையும் ஓவியமும் என்னவாயின? இவ்வினாவிற்குரிய விடை பள்ளியின் கால அட்டவணையில் உள்ளது. கட்டாயப் பாடங்கள் காலை ஒன்பது மணிக்குமேல் தொடங்கி நண்பகல் ஒன்றரை மணியளவில் முடிந்தன. பிற்பகல் விருப்பத்திற்கு விடப்பட்டது. இல்லம் செல்ல விழைவோர் சென்றனர். இசை முதலியன பயில்வோரும், ஆசிரியையின் துணையோடு அடுத்த நாட்பாடத்தை ஆயத்தம் செய்வோரும் பள்ளியில் தங்கினர். ஏழைகட்கு ஆடை தைத்துத் தரும் கூட்டமும் பாடவேளைக்கு அப்பால் நடைபெற்றது.

பெண் வீட்டிற்கு உரியவள் என்னும் அக்காலக் கொள்கையோடு நேர்நின்று பொராமல், அதற்குப் பிற்பகலை விட்டுக்கொடுத்து, முற்பகலைக் குறைவறக் கல்விக்கென வென்றுகொண்டது இப்பள்ளி. உறைவிடப் பள்ளியாயின் இது இயலாது, நாட்பள்ளியாதலின் இயன்றது. நாட்பள்ளியை உறைவிடப் பள்ளியின் குறைந்த வடிவம் எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. கலைகளும் இதனால் ஒரு நன்மை எய்தின. அணியாக அனைவர்மேலும் சுமத்தப்பட்டிருந்த இசை, விரும்புவோர் தேர்ந்து பயிலும் கலையாயிற்று. புறத்தே சென்றமையால் அதற்கு இழிவு நேரவில்லை. கட்டாயம் நீங்கியமையால் தன் இயல்பை அது மீளப்பெற்றது.

5. உடலும் உள்ளமும்

கடுங்கல்வி பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்னும் தடையுரை அக்காலத்தில் வலுவாக எழுந்தது. 1874-இல் ஹென்றி மாட்ஸ்லி என்னும் உளநோய் மருத்துவர் இக்கருத்தை ஒரு திங்களிதழில் வலியுறுத்தினார். எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்னும் மருத்துவ அம்மையார் அவ்வாண்டிலேயே அதற்கு மறுப்பு எழுதினார். பள்ளிகளோ செயலால் விடையிறுத்தன. 1879-இல் சாண்டல் சாலையில் எழுந்த இப்பள்ளியின் புதுக் கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடமும் இடம் பெற்றது. இந்நிலையில் உடற்பயிற்சியை வெறும் பொழுதுபோக்கு என்றல் இயலாது. பெண்கள் கணக்கும் இலத்தீனும் கற்கும் உரிமைக்கு அதுவே அரணாயிற்று. புறச்செயல் எனப்பட்டது நடுப்பாடத்தைக் காத்து நின்றது.

6. ஒழுங்கின் மிகை

இப்பள்ளியின் குறைகளையும் கூறுதல் முறை. 1880-களில் இங்குப் பயின்ற மேரி விவியன் ஹியூஸ் அம்மையார், இலண்டன் வாழ்வு பற்றிய தம் நினைவு நூலில், பள்ளியின் எண்ணற்ற விதிகளை நகைச்சுவையோடு சாடியுள்ளார். சேர்க்கைத் தேர்வின்போது பொத்தான்துளை தைத்துக் காட்டுமாறு கேட்கப்பட்டதையும் அவர் குறித்துள்ளார். கணக்கும் இலத்தீனும் கற்பிக்கும் பள்ளி, பொத்தான்துளையை ஏன் விடாது பற்றிற்று? கற்ற பெண் ஊசியைத் துறப்பாள் என்னும் பழிக்கு அஞ்சியமையே காரணமாதல் கூடும். அளவிறந்த விதிகளும் அவ்வச்சத்தின் விளைவே எனக் கொள்ளலாம். ஊர் முழுவதும் உற்று நோக்கும் ஒரு புதுமுயற்சி, சிறு பிழைக்கும் இடங்கொடாது தன்னை இறுக்கிக்கொண்டது. அவ்விறுக்கத்தின் சுமையைத் தாங்கியவர் சிறுமியரே.

7. இரு பள்ளிகள்

இருபதாம் நூற்றாண்டில் மூத்த பள்ளி நகரின் வடமேற்கு எல்லையிலுள்ள கேனன்ஸ் மாளிகைக்குப் பெயர்ந்தது. இன்றும் அது கட்டணம் பெறும் தன்னாட்சி மகளிர் நாட்பள்ளியாகவே விளங்குகின்றது. இளைய பள்ளியாகிய கேம்டன் பள்ளி அரசுநிதி பெற்று, கட்டணமின்றி, சாண்டல் சாலையில் நடைபெறுகின்றது. ஒருவரே நிறுவிய இரு பள்ளிகள் இவ்வாறு இருவேறு நெறிகளிற் பிரிந்தமை சிந்தித்தற்குரியது. தன்னாட்சி, பாடத்தையும் காலத்தையும் வகுத்துக்கொள்ளும் உரிமையை மூத்த பள்ளிக்கு அளித்தது. அவ்வுரிமையின் பயன் கட்டணம் செலுத்த வல்லாரின் மகளிர்க்கே பெரிதும் எட்டுகின்றது என்பதும் மறுத்தற்கியலாதது. இவ்விடர்ப்பாட்டை அம்மையார் 1871-ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார் என்பதற்கு இரண்டாம் பள்ளியே சான்று.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: பாடம், பாடப்புறம் என்னும் பகுப்பு இயற்கையானதன்று, காலமும் சமுதாயமும் வகுப்பதே. இப்பள்ளி அப்பகுப்பை மாற்றி, பெண்ணின் அறிவை நடுவே அமர்த்திற்று. கலையையும் உடற்பயிற்சியையும் அதற்குத் துணையாக்கிற்று. எந்நாட்டுப் பள்ளியையும் ஆராயப் புகுவோர் பாடநூற் பட்டியலோடு நில்லாது, கால அட்டவணையையும் பிற்பகற் பொழுதையும் கட்டண முறையையும் ஒருங்கு நோக்குவாராயின், அப்பள்ளி யாரை, எதற்காக உருவாக்க முனைந்தது என்பதைத் தெளிவாக அறியலாம்.